தயாளன் தேர்ந்தெடுத்த சிறிய ஆம்ப்

புக்கிட் தெங்காவில் மின்சுற்றுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் தரச்சோதனைப் பிரிவில் தம் உழைப்புக்காலம் முழுவதையும் கழித்தவர் தயாளன். பணி ஓய்வு பெற்ற அன்று, கெலுகோரிலுள்ள தம் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பியதும், காலணியைக்கூடக் கழற்றாமல் மனைவி ஜெயலெட்சுமியிடம் அவர் சொன்னது இதுதான்:

"இனிமே அந்தப் பாலத்தக் கடக்க மாட்டேன். யாரு கூப்பிட்டாலும் சரி."

"உங்கள யாரு கூப்பிடப் போறாங்க?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மையார் தேநீர் கலக்கப் போனார்.

கேலியாகப் பேசினாலும் கணவரின் அலுப்பு அவருக்குத் தெரியும். விடிவதற்கு முன் கம்பெனிப் பேருந்தில் ஏறித் தீவிலுள்ள கெலுகோரிலிருந்து பெருநிலத்திலுள்ள புக்கிட் தெங்காவுக்குப் போவதும், பொழுது சாய்ந்தபின் அதே பேருந்தில் திரும்புவதுமாகத் தயாளனின் நடுவயது கழிந்திருந்தது. பாலத்தின்மேல் நாள்தோறும் போய்வந்தவருக்குக் கடல் என்பது கொட்டாவியோடு பார்க்கும் காட்சியாகிவிட்டது.

அவர் செய்த வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. தொழிற்சாலையில் ஒவ்வொரு வகைப் பலகையிலும் குற்றமற்ற ஒன்றைத் தனியே எடுத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்திருப்பார்கள். அதற்குக் 'கோல்டன் சாம்பிள்' என்று பெயர். புதிதாக வரும் பலகையை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்; மயிரிழை வேறுபட்டாலும் ஒதுக்கிவிட வேண்டும். அந்தப் பழக்கம் தயாளனின் கண்ணிலிருந்து நாவுக்கும் இறங்கியிருந்தது. எதையும் 'நன்றாக இருக்கிறது' என்று அவர் சொன்னதில்லை. 'சரியாக இருக்கிறது' என்பதே அவர் வாயிலிருந்து வரும் உச்சப் பாராட்டு.

"மீன் குழம்பு சரியா இருக்கு," என்பார்.

"எதோட ஒத்துப் பாத்துச் சொல்றீங்க? பெட்டிக்குள்ள ஒரு குழம்பு பூட்டி வச்சிருக்கீங்களா?" என்பார் ஜெயலெட்சுமி.

இப்படிப்பட்ட மனிதருக்கு இளமையில் வேறொரு முகம் இருந்தது. பட்டர்வொர்த்தை ஒட்டிய பாகான் டாலாமில் நண்பர்கள் சேர்ந்து நடத்திய இசைக்குழுவில் அவர் பேஸ் கித்தார் வாசித்தார். பாட்டின் அடியில் ஓடும் தடித்த ஒலி அது. கேட்பவர்கள் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. ஆயினும் அவர்களுடைய கால் தாளம் போடுவது அதற்குத்தான். குழுவில் கீபோர்டு வாசித்தவர் அலாவுதீன். பாகான் டாலாமில் தகப்பனார் விட்டுச்சென்ற சாப்பாட்டுக்கடையை நடத்திவந்த அவர், பகலில் குழம்புக் கரண்டி பிடித்த கையைக் கழுவிவிட்டு, மாலையில் கீபோர்டின்மேல் வைப்பார். கோயில் திருவிழா, திருமண விருந்து, பள்ளி நிதி திரட்டு என்று எங்கு அழைத்தாலும் இருவரும் அருகருகே நின்றே வாசித்தார்கள்.

பின்னர்ப் பதிவுசெய்த இசையை ஓடவிட்டு அதன்மேல் பாடும் வழக்கம் வந்தது. குழு கலைந்ததற்குச் சண்டை எதுவும் காரணமில்லை. அழைப்புகள் குறைந்தன, ஒத்திகைகள் நின்றன. தயாளனின் கித்தார் உறையோடு அலமாரியின்மேல் ஏறியது. கித்தாரின் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டியை இசைக்காரர்கள் ஆம்ப் என்பார்கள். மேடையில் அவருக்குத் துணைநின்ற பெரிய ஆம்ப்பைக் கறையான் அரித்துவிட்டது.

மிஞ்சியது ஒரே ஒரு கேசட்டு. பாகான் டாலாம் கோயில் திருவிழாவில் குழு வாசித்ததை யாரோ ஓர் அன்பர் பதிவுசெய்து கொடுத்தது. அன்று மேடையேறுவதற்கு முன்பே தயாளனின் ஆம்ப் கரகரத்தது. உள்ளிருந்த ஒலிக்கூம்பின் தாள் கிழிந்திருந்தது. ஒட்டுத்தாள் கொண்டு ஒட்டிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நீ வாசிடா, எல்லாம் சரியா வரும்," என்று அலாவுதீன் அவரை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசித்தார் தயாளன். சில நாள் கழித்துக் கேசட்டைக் கேட்டபோது, பேஸ் அவ்வளவு உருண்டையாகவும் தெளிவாகவும் ஒலித்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. தம் வாழ்நாளில் தாம் வாசித்தவற்றுள் அதுவே சிறந்ததென்று முடிவு செய்துகொண்டார். பலகைகளுக்குக் கண்ணாடிப் பேழையில் இருந்தது போல, அவருடைய வாசிப்புக்கும் ஒரு மாதிரி கிடைத்துவிட்டது.

ஓய்வுக்குப் பிந்தைய நாள்களில் ஒருநாள் அலாவுதீன் தொலைபேசியில் அழைத்தார். இருவரும் பேசிக்கொள்வது பெருநாளுக்கும் தீபாவளிக்கும் என்று சுருங்கியிருந்த காலம் அது.

"எம் பொண்ணு ஹுஸ்னாவுக்கு மாப்பிள்ள அமைஞ்சிடுச்சு தயா. அலோர் ஸ்டார் பையன்."

"நல்ல செய்தி லா! உன்ன மாதிரி கறுப்பா, சிவப்பா?"

"என்ன மாதிரி அழகா இருந்தா வேணாம்னுடுவாளாம். அத விடு, ஒரு விஷயம் கேளு. டேவான் மண்டபத்துல பகல் விருந்து. நம்ம குரூப்புதான் வாசிக்கணும்னு ஆச. டிரம்ஸுக்கு வாசு ஒத்துக்கிட்டான். பாட்டுக்குச் சுப்பையா அண்ணே வர்றேன்னாரு. நீதான் பாக்கி."

"நானா? கித்தாரு அலமாரி மேல தூங்குது."

"எழுப்பு. இன்னும் மாசக்கணக்குல நாள் கிடக்கு. ஞாயித்துக்கிழம நம்ம கட மாடியில ஒத்திகை. நீ வந்து நின்னாப் போதும்."

"கீபோர்டுலயே பேஸையும் நீ வாசிச்சிடலாமே? இப்ப எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?"



"கீபோர்டு வேற, நீ வேற. எனக்கு நீ வேணும்டா," என்றார் அலாவுதீன்.

தயாளனுக்கு உள்ளம் குளிர்ந்தது. ஆனால், குளிர்ந்த உள்ளத்தோடு உடனே புறப்படுகிறவர் அல்லர் அவர். "மொதல்ல வீட்டுல வாசிச்சுப் பாக்கறேன். தேறினதும் வர்றேன்," என்றார். இப்போது எண்ணிப் பார்க்கையில், அந்தத் 'தேறினதும்' என்ற ஒரு சொல்லைத்தான் அவர் திரும்பப் பெற விரும்புகிறார்.

அடுக்குமாடி வீட்டில் பேஸ் வாசிப்பது எளிதன்று. அதன் ஒலி சுவரையும் தரையையும் துளைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கட்டிலை அசைக்கும். ஆகவே, காதில் மாட்டும் ஒலிப்பானோடு வாசிக்கக்கூடிய சிறிய பயிற்சி ஆம்ப் ஒன்று தேவைப்பட்டது. பலநாள் கைப்பேசியில் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜார்ஜ் டவுனில் இசைக்கருவிகள் விற்கும் கடைக்குப் போனார். அங்கே விற்பனையில் இருந்தவள் ரூபினி என்னும் இளம்பெண்.

"அங்கிளுக்கு வீட்டுக்கா, ஸ்டேஜுக்கா?" என்று அவள் கேட்டாள்.

"வீட்டுக்குத்தான்."

யோசிப்பதற்கு முன்பே அந்தப் பதில் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் முதலில் காட்டிய பெட்டி சாதாரணக் கித்தாருக்கென்று செய்யப்பட்டது. தயாளன் தடித்த கம்பியைத் தட்டியதும் அது வயிற்று வலிக்காரரைப் போல முனகியது. இரண்டாவது பெட்டி பேஸுக்கென்றே செய்யப்பட்டது. ஒரே குரல், ஆனால் நல்ல குரல். மூன்றாவதுதான் அவரை அங்கேயே உட்கார வைத்தது. மாடலிங் ஆம்ப் என்று அதைச் சொன்னார்கள். உலகெங்கும் பெயர்பெற்ற பெரிய ஆம்ப்களின் குரல்களையெல்லாம் ஒரு சில்லுக்குள் அடக்கிக்கொண்டு, கேட்ட குரலைப் போலச் செய்து காட்டும் பெட்டி அது. அளவில் ஒரு ரொட்டிப் பெட்டியைவிடப் பெரிதன்று. கைப்பேசியில் விரலால் தள்ளினால் குரல் மாறியது. வெண்கலம் போல் ஒன்று, களிமண் போல் ஒன்று, பழைய வானொலி போல் ஒன்று.

"பழைய ஆம்ப்பு எல்லாமே இதுக்குள்ள இருக்கு அங்கிள்."

"எங்க பழைய ஆம்ப்பு இருக்குமா?"

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லம்மா. சுங்கை பட்டாணியில ஒருத்தரு செஞ்சு குடுத்தாரு."

"அப்ப அவருதான் உள்ள இருக்கணும்," என்று அவள் சிரித்தாள்.

தயாளன் சிரிக்கவில்லை. கேசட்டிலிருந்து கைப்பேசிக்கு மாற்றி வைத்திருந்த பதிவை ஒரு காதிலும், ஆம்ப்பின் ஒலியை மறுகாதிலுமாகக் கேட்டு ஒப்பிடத் தொடங்கினார். அன்று முடியவில்லை, மறுநாளும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார்.

"பொண்ணு பாக்க வந்திருந்தாக்கூட இத்தன தடவ வந்திருக்க மாட்டீங்க அங்கிள்," என்றாள் ரூபினி. "ஒண்ணு சொல்லவா? இதே மாடலிங்குல கொஞ்சம் பெருசு ஒண்ணு இருக்கு. வீட்டுல சத்தத்தக் குறைச்சு வாசிக்கலாம். டேவான் ஃபங்ஷனுக்கும் தூக்கிட்டுப் போகலாம். ரெண்டுக்கும் ஆகும். சின்னது வீட்டோட சரி. டேவான்ல வச்சீங்கன்னா, முன் மேசையில பிரியாணி சாப்பிடறவங்களுக்கே கேக்காது."

தயாளன் பெரியதைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். "இடுப்பு போயிடும்," என்றார். உண்மையில் அது அவ்வளவு கனமில்லை. அதை வாங்கினால் அதைத் தூக்கிக்கொண்டு எங்கோ போக வேண்டியிருக்கும். அந்த எண்ணம்தான் கனத்தது. சிறியதையே வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

அதன்பிறகு நடந்ததை ஜெயலெட்சுமி பிற்பாடு பலரிடம் சொல்லி வருந்தியிருக்கிறார். தயாளன் நாள்தோறும் காலையில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு படுக்கையறை மூலையில் உட்காருவார். விரல்கள் விரைவிலேயே பழைய வழிக்குத் திரும்பிவிட்டன. ஆனால், அதை அவர் கவனிக்கவே இல்லை. அவருடைய கவனமெல்லாம் குரலின்மேல் இருந்தது. கைப்பேசித் திரையில் அடிக்குரலைக் கொஞ்சம் ஏற்றுவார், நடுக்குரலைத் தணிப்பார், வேறோர் ஆம்ப்பின் குரலைத் தேர்வார், கேசட்டோடு ஒப்பிடுவார். 'கிட்டத்தட்ட' என்று தோன்றியதைச் சேமித்துவைத்து, மறுநாள் கேட்டுவிட்டு அழிப்பார்.

"வாசிக்கிறீங்களா, ரேடியோவத் திருகுறீங்களா?" என்று ஜெயலெட்சுமி கேட்டார்.

"சத்தம் இன்னும் சரியா வரல."

"எனக்கு ஒரு சத்தமும் வரல. டக்கு டக்குனு கம்பியத் தட்டுற சத்தந்தான் வருது. நம்ம வீட்டுப் பல்லிக்குக்கூட உங்க பாட்டு கேக்கல."

கேசட்டில் ஒரு விந்தை இருந்தது. பேஸ் கித்தாரில் விரல் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகரும்போது, கம்பியில் மெல்லியதோர் உராய்வு எழும். எவ்வளவு தேர்ந்தவர் வாசித்தாலும் அது சற்றேனும் கேட்கும். கேசட்டில் அது எங்குமே இல்லை. ஒலி, நீரில் மிதப்பது போல, உராயாமல் நகர்ந்தது. அந்த நாளில் தம் விரல்கள் அவ்வளவு தூய்மையாக ஓடியிருக்கின்றன என்று எண்ணி எண்ணித் தயாளன் சோர்ந்தார். கம்பிகளுக்கடியில் பஞ்சுத் துண்டை வைத்துப் பார்த்தார். உராய்வு மறைந்தது, ஒலியின் உருண்டையும் அதோடு மறைந்தது. பஞ்சை எடுத்தார். உருண்டை வந்தது, உராய்வும் வந்தது.

ஞாயிறுதோறும் அலாவுதீன் அழைத்தார்.

"இன்னிக்கி வர்றியா?"

"இந்த வாரம் இல்ல லா. அடுத்த வாரம் பாக்கலாம்."

"நீ இல்லாம பாட்டு பறக்குதுடா, நூல் அறுந்த பட்டம் மாதிரி. வாசு அடிக்கிற அடியில அதப் புடிச்சு நிறுத்த முடியல. சுப்பையா அண்ணே பாவம், சுருதியத் தேடிக்கிட்டு அலையறாரு."

"உன் இடது கையில நாலு நோட்டு போடு. ஒத்திகைதானே?"

"வந்து நீயே போடு," என்று அலாவுதீன் பேச்சை முடித்துவிட்டார்.

ஒருமுறை அவருடைய மனைவி ரோஹானா, ஜெயலெட்சுமியை அழைத்துப் பேசினார். "அக்கா, அண்ணன ஒரே ஒரு தடவ வரச் சொல்லுங்க. இவரு வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு. ஞாயித்துக்கிழமயானா மாடிப்படியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு," என்றார். ஜெயலெட்சுமி அதை அப்படியே கணவரிடம் சொன்னார். தயாளன் காதொலிப்பானை ஒரு பக்கம் விலக்கிக் கேட்டுவிட்டு, "சரியா வந்ததும் போறேன்னு சொல்லு," என்று மீண்டும் மாட்டிக்கொண்டார். கெலுகோரிலிருந்து பாகான் டாலாம் ஒன்றும் வெளிநாடு இல்லை. பேருந்தில் துறைமுகத்துக்குப் போய், பயணப் படகில் ஏறினால், கையிலுள்ள பொட்டலக் கச்சான் கடலையைத் தின்று முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும்.

திருமணம் நெருங்கியபோது அலாவுதீன் கடைசி முறையாகக் கேட்டார்.

"ஆம்ப்பு சின்னது லா. டேவான்ல கேக்காது," என்றார் தயாளன்.

"ஆம்ப்பே வேணாம். கித்தார மட்டும் கொண்டா. சவுண்டு மிக்ஸர்ல நேரா சொருகிடலாம்."

"அதில்ல அலாவுதீன். அந்தக் கோயில் கேசட்டு இருக்கில்ல? அந்தச் சத்தம் எனக்கு வரமாட்டேங்குது. தேறாத சாமான வெளிய அனுப்பி எனக்குப் பழக்கமில்ல."

"கல்யாணத்துக்கு வர்றவங்க உன்ன டெஸ்ட் பண்ணவா வர்றாங்க?"

"நான் பண்ணுவேனே."

அலாவுதீன் பெருமூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது.

"சரி. சாப்பிடவாவது வா."

திருமணத்தன்று பாலத்தைக் கடந்தார் தயாளன். கூட இருந்த ஜெயலெட்சுமி சிவப்புப் பட்டு உடுத்தியிருந்தார். விருந்து மண்டபம் முழுவதும் உறவினர்கள். மேடையில் மணமகனின் பக்கத்தில் ஹுஸ்னா, கன்னம் வலிக்க வலிக்கப் புகைப்படக்காரருக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் இருந்த சிறிய மேடையில் வாசு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சுப்பையா அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். கீபோர்டின் முன்னால் அலாவுதீன். நண்பர் மெலிந்திருப்பதைக் கண்டு தயாளன் துணுக்குற்றார். மகள் திருமணத்துக்கு அலைந்த அலைச்சல் என்று எண்ணிக்கொண்டார்.

பாட்டு தொடங்கியது. அலாவுதீனின் வலக்கை கீபோர்டின்மேல் பழைய மிடுக்கோடு ஓடியது. இடக்கை மடியில் கிடந்தது. அது தன் முறைக்காகக் காத்திருக்கிறது என்றே தயாளன் முதலில் நினைத்தார். பல்லவி முடிந்தது, இடையிசை வந்தது, சரணம் வந்தது. இடக்கை எழவில்லை. குர்தாவின் மடிப்பில், யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் போல, அது அப்படியே கிடந்தது. பலகையில் மயிரிழைக் குற்றத்தைக் கண்டுபிடித்த அந்தக் கண், இத்தனை மாதம் காணாமலிருந்த ஒன்றை அப்போது கண்டது.

பாட்டின் அடியில் எதுவுமே இல்லை. வாசுவின் அடிகள், தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துவிட்ட அறையில் விழுவது போல் விழுந்தன. சுப்பையா அண்ணன் குரலை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் தடுமாறினார். விருந்தினர்கள் மரியாதைக்குக் கைதட்டிவிட்டுப் பிரியாணிக்குத் திரும்பினார்கள். ஒருவருடைய காலும் தாளம் போடவில்லை.

"ஏங்க, அண்ணனோட அந்தக் கை..." என்று தொடங்கினார் ஜெயலெட்சுமி.

"தெரியுது," என்றார் தயாளன்.

டால்ச்சாக் குழம்பை எடுத்துக்கொண்டு அவர்கள் மேசைக்கு வந்த ரோஹானா, தயாளன் பார்த்துக்கொண்டிருந்த திசையைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"போன வருஷம் நோன்பு நேரத்துல ஸ்ட்ரோக் வந்துச்சு அண்ணே. பேச்சு, நட எல்லாம் திரும்பிடுச்சு. இந்தக் கை மட்டும் வரல. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்னக் கட்டிப் போட்டுட்டாரு. 'பரிதாபப்பட்டு வரவேணாம், ஆசப்பட்டு வரட்டும்'னாரு."

தயாளன் தட்டில் கைவைக்கவில்லை. கூட்டம் கலைந்து, பணியாளர்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகு, கீபோர்டை உறையிலிட்டுக்கொண்டிருந்த அலாவுதீனிடம் போனார். உறையின் இழுப்பானை ஒரு கையால் மூட முடியாமல் நண்பர் திணறுவதைப் பார்த்து, மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். வராமற்போனதற்குத் தம்மிடமிருந்த ஒரே காரணத்தை எடுத்து வைத்தார். கைப்பேசியில் அந்தக் கோயில் பதிவை ஓடவிட்டு, நண்பரின் காதருகே பிடித்தார்.

"இந்தச் சத்தம் எனக்கு வரலடா. அத்தனயும் பண்ணிப் பாத்துட்டேன். அதனாலதான் வரல."

அலாவுதீன் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகத்தில் மெல்ல ஒரு புன்னகை படர்ந்தது.

"எப்படி வரும்? இது என் கையாச்சே!"

"எது?"

"இந்த பேஸு. அன்னிக்கி மொத பாட்டுலயே உன் ஆம்ப்பு செத்துப்போச்சு. நீ கண்ண மூடிக்கிட்டு உருகி உருகி வாசிச்சிட்டிருந்த. நிறுத்தச் சொல்ல மனசு வரல. உன் விரலப் பாத்துப் பாத்து, நான் இடது கையில வாசிச்சேன். என் கீபோர்டுதான் பெரிய ஸ்பீக்கர்ல போச்சு; மேடையே அதிர்ந்துச்சு. நீ உன் சத்தம்னே நெனச்சிக்கிட்ட."

தயாளனின் கையிலிருந்த கைப்பேசியில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உராயாமல், நீரில் மிதப்பது போல, அந்தத் தடித்த ஒலி நகர்ந்தது. உராய்வதற்கு அங்கே கம்பியே இருந்ததில்லை.

"ஏன்டா சொல்லல? இத்தன வருஷமா?"

"சொல்லியிருந்தா, அடுத்த ஷோவுக்கு நீ வந்திருப்பியா?"

தயாளன் வந்திருக்க மாட்டார். கித்தாரை உறையிலிட்டு அன்றே அலமாரியின்மேல் ஏற்றியிருப்பார். அதை அவரைவிட அலாவுதீன் நன்கறிந்திருந்தார். அறிந்திருந்ததால், அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து வாசித்த அத்தனை மேடைகளும் அவர் வாய்மூடி இருந்ததன் பயனாகக் கிடைத்தவை.

"நீயாவது சொல்லியிருக்கலாமே... கை வரலன்னு ஒரு வார்த்த..."

"அன்னிக்கி ஒனக்காக நான் சொல்லாம வாசிச்சேன். அதே மாதிரி நீயும் காரணம் கேக்காம வந்து வாசிப்பேன்னு நெனச்சேன்," என்றார் அலாவுதீன். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "போகட்டும் லா. பிரியாணி சாப்பிட்டியா? ரோஹானாவோட அண்ணன் ஆக்கினது. எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு," என்றார் தயாளன். பின்னாலேயே வந்து நின்ற ஜெயலெட்சுமி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தயாளன் துறைமுகத்தில் படகேறினார். தோளில் கித்தார், மடியில் ரொட்டிப் பெட்டி அளவுள்ள அந்த ஆம்ப். பயணிகளின் இரைச்சலுக்கிடையே அதை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூக்கிக்கொண்டு வருவதற்கு அது மிகவும் எளிதாகத்தான் இருந்தது. எந்த ஞாயிற்றுக்கிழமையும் எளிதாகத்தான் இருந்திருக்கும்.

பாகான் டாலாமில் அலாவுதீனின் வீட்டுக் கூடத்தில், ரோஹானா திருமணக் காணொளியைத் தொலைக்காட்சியில் போட்டுவைத்திருந்தார். வீட்டுக்கு வருகிற எவரும் அதைப் பார்க்காமல் தேநீர் குடிக்க முடியாது என்பது அந்த வீட்டின் அப்போதைய சட்டம். திரையில் குழு வாசிக்கத் தொடங்கியது. தயாளன் ஆம்ப்பைத் தரையில் வைத்து, இணைப்புக் கம்பியைச் சொருகினார். குரல்களைத் தேடவில்லை, கைப்பேசியை எடுக்கவே இல்லை. பெட்டியில் எந்தக் குரல் இருந்ததோ அதிலேயே, திரையில் ஓடிய பாட்டின் அடியில் வாசித்தார். விரல்கள் உராய்ந்தன. அந்தச் சிறிய கூடத்துக்கு அந்தச் சிறிய பெட்டி போதுமானதாக இருந்தது.

அலாவுதீன் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் அவருடைய வலக்கால் தாளம் போடத் தொடங்கியது.

பாட்டு முடிந்தபோது, அலோர் ஸ்டாரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். தயாளன் கித்தாரை ஓரமாகச் சாய்த்துவிட்டு அவர்களுக்கு இடம்விட்டு எழுந்தார். ரோஹானா அவர்களை உட்கார வைத்து, தேநீரைக் கையில் கொடுத்து, காணொளியை முதலிலிருந்து போட்டார். வாசு அடித்தார்; சுப்பையா அண்ணன் பாடினார்; அலாவுதீனின் வலக்கை ஓடியது. தயாளன் சுவரோரம் நின்று கேட்டார். சற்றுமுன் அவர் வாசித்தது அதில் இல்லை.